பாதிரியார் கேட்ட லைசென்ஸ்

1956-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று, அமெரிக்காவின் அலபாமா ராஜ்யத்தில் உள்ள மாண்ட்கோமரி நகரத்தில், இருபத்தேழு வயதுப் பாதிரியார் ஒருவர் ஷெரிப்பின் காரியாலயத்துக்குப் போனார். துப்பாக்கி லைசென்ஸ் வேண்டுமென்று கேட்டார். கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டார்.

நடந்தது அவ்வளவுதான். எந்த ஊரிலும் எந்த நாளிலும் நடக்கக்கூடிய காரியம். ஆனால் அந்தப் பாதிரியாரின் பெயர் மார்ட்டின் லூதர் கிங் என்று சொன்னால், நீங்கள் கையிலிருக்கும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யார், அந்தக் கிங்கா?" என்று கேட்பீர்கள். அந்தக் கிங்தான். காந்தி மகாத்மாவின் வழியைக் கடல் கடந்து எடுத்துச் சென்றவர் என்று நாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அவரேதான்.

இது அவருடைய விரோதிகள் கட்டிவிட்ட கதை அல்ல. 1958-இல் வெளியான தமது முதல் புத்தகத்தில் அவரே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நான் முதல் தடவை அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்களின் வாழ்க்கையில் இப்படி ஒரு பக்கம் அகப்பட்டால், கதை எழுதுகிறவனுக்கு அதைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. அவர் எதற்காகக் கேட்டார், அவர்கள் எதற்காக மறுத்தார்கள் என்று தேடிக்கொண்டு போனேன். தேடிய இடத்தில் ஒரு பாதிரியாரின் கதையோடு ஒரு விண்ணப்பத் தாளின் கதையும் அகப்பட்டது.

மாண்ட்கோமரியில் நடந்த பஸ் சத்தியாக்கிரகத்தைப் பற்றி நேயர்கள் அறிந்திருப்பார்கள். 1955-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, தையல் வேலை செய்யும் ரோசா பார்க்ஸ் என்ற அம்மாள் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தார். போலீசார் கைது செய்தார்கள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அந்த நகரத்துக் கறுப்பு மக்கள், ஏறக்குறைய 50,000 பேர், பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டார்கள். இந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்க யாரைப் போடலாம் என்று யோசித்தவர்கள், ஊருக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத கிங்கைப் பிடித்துப் போட்டார்கள். புதிதாக வந்தவருக்கு ஊரில் பழைய பகை ஏதும் இல்லை அல்லவா?

பகை வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. நாளுக்கு நாள் மிரட்டல் கடிதங்களும் டெலிபோன் வசவுகளும் வந்துகொண்டிருந்தன. ஜனவரி 26-ஆம் தேதி அவருடைய காரைப் போலீசார் மறித்தார்கள். இருபத்தைந்து மைல் வேகத்தில் போகவேண்டிய தெருவில் முப்பது மைல் வேகத்தில் போனாராம், சிறையில் தள்ளினார்கள். மறுநாள் இரவு, மூன்று நாளில் ஊரை விட்டுப் போகாவிட்டால் மண்டையைச் சிதற அடித்து வீட்டையும் தகர்த்துவிடுவோம் என்று ஒரு குரல் டெலிபோனில் சொல்லிற்று. அதற்குப் பிறகு தூக்கம் வராமல் சமையலறையில் காப்பி போட்டு வைத்துக்கொண்டு, குடிக்கவும் மனம் இல்லாமல், மேஜையில் தலை கவிழ்ந்து பிரார்த்தனை செய்ததை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

டெலிபோன் குரல் சொன்ன கணக்குத் தவறவில்லை. ஜனவரி 30-ஆம் தேதி இரவு, கிங் ஒரு தேவாலயத்தில் பொதுக் கூட்டத்தில் இருந்த சமயம், சௌத் ஜாக்சன் தெருவில் அவர் குடியிருந்த வீட்டுத் திண்ணையில் ஏதோ 'தொப்'பென்று விழுந்தது. முன்னறையில் ஒரு சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்த அவருடைய மனைவி கோரெட்டா சத்தத்தைக் கேட்டதும், என்ன ஏது என்று எட்டிப் பார்க்காமல், சிநேகிதியைத் தள்ளிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் ஓடினார். அந்தப் புத்திசாலித்தனம்தான் காப்பாற்றியது. குண்டு வெடித்துத் தூண் பிளந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அறை முழுவதும் சிதறின. பிறந்து இரண்டரை மாதமே ஆன பெண் குழந்தை பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை.

கிங் ஓடி வந்தபோது வீட்டின் முன்னால் பெருங்கூட்டம். கூட்டத்தில் பலர் கையில் துப்பாக்கி இருந்தது. சிறுவர்கள் உடைந்த பாட்டில்களை வைத்திருந்தார்கள். ஒருவன் போலீஸ்காரனிடம், உன்னிடமும் ஒன்று இருக்கிறது, என்னிடமும் ஒன்று இருக்கிறது, வா பார்த்துவிடலாம் என்கிற பாவனையில் பேசிக்கொண்டிருந்தான். நகர மேயரும் போலீஸ் கமிஷனரும் வந்து நின்றார்கள். அந்த இருவருமே, கறுப்பர்களை எட்ட வைப்பதற்கென்று ஏற்பட்ட வெள்ளையர் குடிமக்கள் சங்கத்தில் அந்த ஜனவரி மாதத்தில்தான் பகிரங்கமாகச் சேர்ந்திருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உடைந்த திண்ணையில் நின்றபடி, ஆயுதம் கொண்டுவந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், இல்லாதவர்கள் தேடிப் போகாதீர்கள் என்று கிங் கையை உயர்த்திச் சொன்னார். கூட்டம் கலைந்தது. அன்று அவர் ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் மாண்ட்கோமரித் தெருவில் ரத்தம் ஓடியிருக்கும்.

சரித்திரப் புத்தகங்கள் பலவும் இந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்துவிடுகின்றன. பொருத்தமான முடிவுதான். ஆனால் அதற்கு இரண்டு நாளைக்குப் பிறகுதான், திண்ணையிலிருந்து அப்படிப் பேசிய அதே மனிதர் ஷெரிப் காரியாலயத்துப் படியில் ஏறினார்.

ஷெரிப் என்றதும் சென்னையில் ஒரு காலத்தில் பிரமுகர்களை வரவேற்க மாலையோடு நின்ற அலங்காரப் பதவியை எண்ணிவிடக்கூடாது. அமெரிக்காவில் கவுண்டி என்று சொல்லப்படும் ஜில்லாவின் போலீஸ் தலைவர் அவர். வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். யாருடைய வோட்டு என்பது முக்கியம். மாண்ட்கோமரிக் கவுண்டியில் 1954-இல் வோட்டு வயது வந்த கறுப்பர்கள் சுமார் 30,000 பேர் இருந்தும், பதிவு செய்யப்பட்டவர்கள் 2,000 பேருக்குக் கொஞ்சம் அதிகம் என்று கிங் கணக்குக் கொடுத்திருக்கிறார்.

இனி சட்டத்தைப் பார்க்கலாம். வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கு அலபாமாவில் அப்போது லைசென்ஸ் தேவையில்லை. கைத்துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு போவதற்கும், உடைக்குள் மறைத்துக்கொண்டு நடப்பதற்கும்தான் தேவை. இதற்காக 1936-இல் ஒரு சட்டம் செய்திருந்தார்கள். கவுண்டியில் வசிக்கிறவர் ஷெரிப்பிடம் விண்ணப்பிக்க வேண்டியது. உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு வருமென்று அஞ்சுவதற்குத் தக்க காரணமோ, வேறு நியாயமான காரணமோ அவருக்கு இருக்கவேண்டும். அவர் லைசென்ஸ் பெறுவதற்கு ஏற்ற மனிதராகவும் இருக்கவேண்டும். இவ்விரண்டும் திருப்தியானால் ஷெரிப் ஒரு வருஷத்துக்கு மேற்படாமல் லைசென்ஸ் கொடுக்கலாம்.

கொடுக்கலாம்! கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சட்டம் எழுதுகிறவர்கள் மையில் தோய்த்து வைக்கும் இந்த 'லாம்' இருக்கிறதே, அதன் விலை மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

கிங் என்ன கேட்டார் என்பதற்கு இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. காரில் துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸ் கேட்டதாக அவர் புத்தகம் சொல்லுகிறது. பிப்ரவரி 2-ஆம் தேதி இயக்கத்தின் நிர்வாகக் குழு கூடியபோது, பிஸ்க் பல்கலைக் கழகத்திலிருந்து வந்திருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெடுத்திருக்கிறார். தம்மைக் காவல் காக்கிறவர்களுக்காக முந்தின நாள் ஷெரிப்பிடம் அனுமதி கேட்டதாகவும், கிடைக்கவில்லை என்றும் அந்தக் கூட்டத்தில் கிங் சொன்னார். ஷெரிப் சொன்னதன் சாரம், காலிகள் பாடு உங்கள் பாடு, எனக்கென்ன என்பதுதான் என்றும் சொன்னதாகக் குறிப்பில் இருக்கிறது.

அஞ்சுவதற்குத் தக்க காரணம் உண்டா என்று கேட்கிறது சட்டம். பிளந்த தூணும் நொறுங்கிய கண்ணாடியும் அதற்குப் பதில் சொல்லியாயிற்று. மேயரும் கமிஷனரும் நேரில் வந்து பார்த்தும் ஆயிற்று. போதாதென்று, லைசென்ஸ் கேட்ட அதே பிப்ரவரி முதல் தேதி, இயக்கத்தின் மற்றொரு பிரமுகரான நிக்ஸன் வீட்டிலும் குண்டு வெடித்தது. அந்தக் கவுண்டி முழுவதிலும் அன்றைக்குப் பயப்படுவதற்குக் கிங்கைவிடச் சிறந்த அத்தாட்சி வைத்திருந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. ஆகவே மறுப்புக்கு மிஞ்சியிருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். 'ஏற்ற மனிதர்' என்கிற அந்த இரண்டு வார்த்தை. டாக்டர் பட்டம் பெற்றவர், தேவாலயத்தின் குரு, குடும்பஸ்தர். ஆனாலும் ஏற்ற மனிதர் இல்லை.

இந்த வார்த்தையை நம் ஊரில் பிறந்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. என் சிறு வயதில், மலையடிவாரத்துக் கிராமத்தில் இருந்த என் தாய்மாமன், காட்டுப் பன்றி வேர்க்கடலையைத் தோண்டித் தின்கிறது என்று ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு மனுப் போட்டார். மனு கலெக்டர் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வந்தது. ஏட்டையா ஒருநாள் சைக்கிளில் வந்து, மணியக்காரரைக் கேட்டார், கர்ணத்தைக் கேட்டார், மாமனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் சாப்பிட்டுவிட்டு, ஆள் எப்படி என்று மாமனின் பங்காளிகளையே கேட்டார். நல்ல நடத்தை, சொத்துள்ளவர், முன் குற்றம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். ஒன்றரை வருஷத்தில் லைசென்ஸ் வந்தது. மாமனின் கடலைக் கொல்லைக்கும் மலைக்கும் நடுவில் சேரியைச் சேர்ந்த ஒருவருக்கு அரை ஏக்கர் நிலம் இருந்தது. பன்றிகள் முதலில் இறங்குவது அங்கேதான். அவர் ராத்திரியெல்லாம் பரண்மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். அவரும் மனுப் போடலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றியிருக்காது. போட்டிருந்தால் ஏட்டையா யார் திண்ணையில் உட்கார்ந்து மோர் சாப்பிட்டு, யாரைக் கேட்டு எழுதியிருப்பார்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை வாய் திறந்தே கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1857-இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில், கறுப்பர் அமெரிக்கப் பிரஜை ஆக முடியாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, பிரதம நீதிபதி டேனி அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று விசித்திரமானது. பிரஜை என்று ஒப்புக்கொண்டால், போகிற இடமெல்லாம் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுமே என்று அவர் கவலைப்பட்டார். பிறகு உள்நாட்டு யுத்தம் வந்தது, அடிமைத்தளை அறுந்தது. அறுந்த அதே வருஷம், 1865 நவம்பரில், மிஸிஸிப்பி ராஜ்யத்தார் ஒரு சட்டம் போட்டார்கள். விடுதலை பெற்ற நீக்ரோ எவனும், ராணுவத்தில் இருந்தாலன்றி, தன் கவுண்டியின் 'போலீஸ் போர்டு' கொடுத்த லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ பெரிய கத்தியோ வைத்துக்கொள்ளக் கூடாது. போலீஸ் போர்டு என்பது அக்காலத்தில் கவுண்டியை நிர்வாகம் செய்த குழு. அதில் இருந்தவர்கள் நேற்றுவரை அடிமைகளுக்கு எஜமானர்களாக இருந்தவர்கள். மீறினால் பத்து டாலர் வரை அபராதம். பறிமுதல் செய்த ஆயுதம் காட்டிக் கொடுத்தவனுக்கே சொந்தம். உளவு சொல்லுகிறவனுக்குத் துப்பாக்கியையே சன்மானமாகக் கொடுத்த சட்டம் இது.

1868-இல் அரசியல் சட்டத்தில் பதினாலாவது திருத்தம் வந்தபின், இவ்வளவு பச்சையாக எழுத முடியாமல் போயிற்று. அப்புறம் வந்த சட்டங்களில் நிறம் என்ற பேச்சே கிடையாது. சட்டம் எல்லோருக்கும் பொது. அமுல் மட்டும் சிலருக்கு. இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. புளோரிடா ராஜ்யத்தில் 1893-இல் செய்த துப்பாக்கி லைசென்ஸ் சட்டத்தைப் பற்றி 1941-இல் ஒரு வழக்கு வந்தது. அந்த ராஜ்யத்துச் சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகளில் ஒருவரான பியூஃபோர்டு, அந்தச் சட்டம் நீக்ரோத் தொழிலாளிகளின் ஆயுதத்தைப் பறிப்பதற்காகவே செய்யப்பட்டது என்றும், வெள்ளையர்கள்மேல் அதைப் பிரயோகிக்கும் உத்தேசம் ஒருநாளும் இருந்ததில்லை என்றும் தீர்ப்பிலேயே எழுதிவைத்தார். நீதிபதிகளின் வாயிலிருந்து இவ்வளவு நிஜம் ஒரே மூச்சில் வருவது அபூர்வம்.

அலபாமாவின் 1936-ஆம் வருஷத்துச் சட்டத்தையும் அந்த ஜாதியில் சேர்த்துவிடுவது நியாயம் ஆகாது. பல ராஜ்யங்களுக்கும் பொதுவாக வக்கீல்கள் தயாரித்துக் கொடுத்த மாதிரிச் சட்டம் அது. கண்டவன் கையில் கைத்துப்பாக்கி போகக் கூடாது என்பதே அதன் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் நல்ல நோக்கத்தையும் ஷெரிப்பின் மேஜை வழியாகத்தான் அனுப்பவேண்டியிருந்தது.

மறுபடியும் சௌத் ஜாக்சன் தெரு வீட்டுக்கு வருவோம். லைசென்ஸ் மறுத்ததனால் அந்த வீட்டில் ஆயுதம் இல்லாமல் போய்விடவில்லை. வீட்டில் வைக்கத்தான் லைசென்ஸ் வேண்டாமே! சபையைச் சேர்ந்தவர்களும் சிநேகிதர்களும் முறை போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு காவல் இருந்தார்கள். பிப்ரவரி மாதக் கடைசியில் வடக்கேயிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பேயார்ட் ரஸ்டின். இந்தியாவுக்கு வந்து காந்தியவாதிகளோடு பழகிச் சென்றவர். மற்றொருவர் கிளென் ஸ்மைலி என்ற வெள்ளைக்காரப் பாதிரியார். ரஸ்டினோடு அந்த வீட்டுக்குப் போன பத்திரிகைக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்காரப் போனபோது, "பொறு, பொறு!" என்று ரஸ்டின் தடுத்தார். நாற்காலியில் துப்பாக்கி கிடந்தது. வீட்டையே ஆயுதசாலை என்று ஸ்மைலி தம் கடிதத்தில் வர்ணித்தார். தாக்க வந்தாலன்றி யாருக்கும் தீங்கு செய்யும் எண்ணம் இல்லை என்று கிங் ரஸ்டினுக்குச் சமாதானம் சொன்னார்.

கிங்கின் தகப்பனார் அட்லாண்டாவிலிருந்து வந்து, ஊரை விட்டே வந்துவிடு என்று மன்றாடினார். கோரெட்டாவின் தகப்பனாரும் மகளையும் குழந்தையையும் அழைத்துப் போக வந்தார். நம் வீடாக இருந்தால் நாமும் அதைத்தான் செய்திருப்போம். கோரெட்டா போக மறுத்துவிட்டார்.

இதற்கிடையில் கிங்கின் மனத்தில் ஒரு கேள்வி புகுந்து குடைய ஆரம்பித்தது. பலாத்காரம் இல்லாத இயக்கத்துக்குத் தலைவன் என்று சொல்லிக்கொண்டு, தன் உயிரைக் காக்கப் பலாத்காரத்தின் கருவியை எப்படி வைத்துக்கொள்வது? அவரும் கோரெட்டாவும் இதைப் பல நாள் பேசினார்கள். கடைசியில் தங்களுக்கென்று இருந்த ஒரே ஒரு துப்பாக்கியையும் வீட்டை விட்டு அகற்றிவிடுவது என்று தீர்மானித்தார்கள். சிநேகிதர்களைச் சமாதானம் செய்ய, வீட்டைச் சுற்றிப் பெரிய விளக்குகள் போட்டார்கள். ஆயுதம் இல்லாத காவல்காரர்களை இரவும் பகலும் வைத்தார்கள். ஊருக்குள் தனியாகப் போவதில்லை என்று கிங் வாக்குக் கொடுத்தார். துப்பாக்கி வீட்டில் இருந்தபோதுதான் தமக்கு அதிகப் பயமாக இருந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். அது போனபிறகு சாவை நேருக்கு நேர் பார்த்துத் தீரவேண்டியதாயிற்றாம். பார்த்தபின் பயம் விட்டதாம்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்களில் சிலர், பார்த்தீர்களா, ஷெரிப் மறுத்ததுகூட நல்லதாய்ப் போயிற்று, அதனால்தானே கிங் முழு அகிம்சாவாதி ஆனார் என்று சாமர்த்தியமாக முடிச்சுப் போடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. ஷெரிப் மறுத்தது காரில் கொண்டுபோகும் துப்பாக்கியை. கிங் அகற்றியது, ஷெரிப்புக்கு அதிகாரமே இல்லாத, வீட்டிலிருந்த துப்பாக்கியை. சட்டம் அனுமதித்த ஒன்றைத் தாமாகவே விட்டார். ஒருவனுக்குச் சோறு போட மறுத்துவிட்டு, அவன் பிறகு ஏகாதசி விரதம் இருந்தால் அந்தப் புண்ணியத்தில் பங்கு கேட்பது போன்ற பேச்சு இது.

அந்த வருஷம் டிசம்பரில் மாண்ட்கோமரிப் பஸ்களில் பேதம் ஒழிந்தது. அடுத்த மாதமே, 1957 ஜனவரி 27-இல், கிங் வீட்டுத் திண்ணையில் வெடிக்காமல் புகைந்துகொண்டிருந்த பன்னிரண்டு டைனமைட் குச்சிகளை எடுத்தார்கள்.

இனி வருவதை நான் நாவலில் எழுதியிருந்தால், தற்செயலை இவ்வளவு நீட்டலாமா என்று பத்திராதிபர் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பார். 1958 செப்டம்பர் 20-ஆம் தேதி, நியூயார்க் நகரத்துக் கடை ஒன்றில், லைசென்ஸ் கேட்டு மறுக்கப்பட்ட செய்தி அடங்கிய அதே புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார் கிங். சித்தப் பிரமை பிடித்த ஒரு பெண் நெருங்கி வந்து, கடிதம் கிழிக்கும் கத்தியால் அவர் மார்பில் குத்திவிட்டாள். அவளிடம் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி ஒன்றும் இருந்தது. கைத்துப்பாக்கிக்குப் போலீஸ் லைசென்ஸ் கட்டாயம் என்று 1911-ஆம் வருஷம் முதல் கண்டிப்பாகச் சட்டம் இருந்த ஊர் அது! லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்காகவும் அவள்மேல் வழக்குப் போட்டார்கள்.

பிழைத்தெழுந்த கிங் 1959 பிப்ரவரியில் மனைவியோடு இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் சுற்றினார். நம் கன்னியாகுமரிப் பாறையில் இருவரும் உட்கார்ந்து, ஒரு பக்கம் சூரியன் மறைவதையும் மறுபக்கம் சந்திரன் எழுவதையும் பார்த்தார்கள்; ஊருக்குப் போய்த் தம் சபையாரிடம் அதை நெஞ்சுருகச் சொன்னார். டில்லியை விட்டுப் புறப்படும்போது, மற்ற நாடுகள் வராவிட்டாலும் இந்தியா தனியாகவேனும் ஆயுதங்களைக் கீழே வைக்கலாமே என்று அறிக்கை விட்டார். நடைமுறைக்கு ஒவ்வாத யோசனை என்று அன்று படித்தவர்கள் நினைத்திருக்கலாம். தம் வீட்டில் செய்து பார்த்ததைத்தான் அவர் தேசத்துக்குச் சொன்னார்.

1968 மார்ச் மாதக் கடைசியில், அதே அலபாமா ராஜ்யத்தில், பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கிக் கடை ஒன்றுக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்தான். முதலில் ஒரு துப்பாக்கி வாங்கிப் போனான். மறுநாள் மார்ச் 30-இல் திரும்ப வந்து, அதைக் கொடுத்துவிட்டு இன்னும் கனமான ரெமிங்டன் ரைபிளை எடுத்துக்கொண்டான். வேட்டைக்கு என்றான். பெயரைக் கேட்டார்கள், ஒரு பொய்ப் பெயரைச் சொன்னான், எழுதிக்கொண்டார்கள். உண்மையில் அவன் மிசௌரி ராஜ்யத்துச் சிறையிலிருந்து முந்தின ஏப்ரலில் தப்பி ஓடிவந்த கைதி, ஜேம்ஸ் எர்ல் ரே. நீண்ட ரைபிளுக்கு அலபாமாவில் லைசென்ஸ் கிடையாது. ஷெரிப்பைப் பார்க்கவேண்டியதில்லை. அஞ்சுவதற்குக் காரணம் காட்டவேண்டியதில்லை. ஏற்ற மனிதனா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை மெம்பிஸ் நகரத்தில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ரைபிள் பக்கத்துத் தெருவில் கட்டாகக் கட்டிப் போடப்பட்டிருந்தது. ரே மறு வருஷம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று நாளில் இல்லை என்று மறுத்தான். பின்னால் வேறு ஆட்கள் இருந்தார்களா என்கிற சர்ச்சை நெடுங்காலம் நடந்தது. அதற்குள் நான் புகப் போவதில்லை.

அந்த அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தும் மத்திய சட்டத்தில் கையெழுத்திட்டார். அலபாமாவின் 'கொடுக்கலாம்' மட்டும் அப்படியே இருந்தது. 2013-இல்தான் அதைத் திருத்தி, தடை ஏதும் இல்லாதவருக்கு ஷெரிப் 'கொடுக்கவேண்டும்' என்று ஆக்கினார்கள். நியூயார்க்கின் 1911-ஆம் வருஷத்துச் சட்டத்தில், தனிப்பட்ட தேவையை நிரூபித்தால்தான் வெளியே எடுத்துச் செல்ல லைசென்ஸ் என்றிருந்த பகுதியை 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கில் துப்பாக்கிப் பிரியர்களோடு, நியூயார்க்கின் ஏழைகளுக்காக வாதாடும் பொது வக்கீல்கள் சிலரும் ஒரே பக்கம் நின்றார்கள். லைசென்ஸ் இல்லை என்று சிறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பரும் ஸ்பானியப் பேச்சுக்காரருமே என்பது அவர்கள் வாதம். துப்பாக்கி மலிந்த அந்த தேசத்தில் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள்கூட அதற்குப் பலியாவதைப் பார்க்கிற எனக்கு, கட்டுப்பாடு தளர்வதில் சந்தோஷம் இல்லை. ஆயினும் அந்த வக்கீல்களின் வாதத்துக்கு என்னிடம் பதிலும் இல்லை.

அலபாமா இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அங்கே கைத்துப்பாக்கியை மறைத்தோ காரில் வைத்தோ எடுத்துச் செல்ல லைசென்ஸே வேண்டியதில்லை. விரும்புகிறவர்கள் ஷெரிப்பிடம் வாங்கிக்கொள்ளலாம். சௌத் ஜாக்சன் தெருவில் அந்தப் பாதிரியார் வீடு இப்போது காட்சிசாலை. குண்டு விழுந்த இடத்தைத் திண்ணையில் அடையாளம் செய்து வைத்திருக்கிறார்கள்.